நான்கு விரல் இறங்கிய கிணறு

கள்ளக்குறிச்சியில் மேற்கு எது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மலை தெரிகிற பக்கம் மேற்கு. கல்வராயன் மலை மழைநாளில் கருநீலமாகவும் கோடையில் வெளுத்த சாம்பலாகவும் அங்கே நின்றுகொண்டிருக்கும். நான் தொழுகைக்குத் திரும்பி நிற்பதும் அந்தப் பக்கம்தான். ஐம்பத்திரண்டு வயது வரை திசை பற்றி வேறு யோசனை எனக்கு வந்ததில்லை.

அதனால் லட்சத்தீவுக் கப்பலில் விடிந்ததும் மேல்தளத்துக்கு வந்து என் நாட்குறிப்பில் எழுதிய முதல் வரி இது: "காலை 6.10. நான்கு பக்கமும் தண்ணீர். எந்தப் பக்கமும் மலை இல்லை." அதற்குக் கீழே, மனைவி சொன்னதையும் எழுதிவைத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏங்க, இது எங்கதாங்க முடியுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாததும் ஒண்ணு இருக்குது," என்றாள். அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

நாங்கள் போனது ஒரு கல்யாணத்துக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மக்காவுக்கு உம்ரா சென்றபோது எனக்கு ஒதுக்கிய அறையில் இன்னொருவர் இருந்தார். லட்சத்தீவுக்காரர். இளம் வயதில் தூத்துக்குடித் தோணிகளில் ஆறு ஆண்டு வேலை செய்தவர். அதனால் அவர் பேசும் தமிழ் அந்தத் துறைமுகத்தின் தமிழ். பதினான்கு நாள் ஒரே அறையில் இருந்தோம். ஊர் திரும்பிய பிறகும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "பாய், நீங்க வராம இருந்தா நான் ஒத்துக்கிட மாட்டேன்," என்றார். அந்தத் தீவுகளுக்கு வெளியாள் நினைத்ததும் போக முடியாது. தீவைச் சேர்ந்த ஒருவர் நமக்காகக் கையெழுத்துப் போட வேண்டும், நம் ஊர்க் காவல் நிலையத்தில் நற்சான்று வாங்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார். நான் காவல் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த ஏட்டு எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டுக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தது என் கடை.

"லட்சத்தீவா? அங்க இன்னா பாய் வேலை? போர் போடவா?"

"கல்யாணத்துக்கு."

"அங்க உங்களுக்கு யாரு சொந்தம்?"

"கூட உம்ரா செஞ்சவரு."

"பஸ்ஸு போவுதா?"

"கப்பல்தாங்க."

"அப்ப நான் வரல," என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளாகத் தண்ணீர் மோட்டார் விற்கிறேன், பழுது பார்க்கிறேன். ரிஷிவந்தியம் பக்கத்து வயல்களில் நான் இறக்காத மோட்டார் கம்மி. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஜீப்பில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்தியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரே வழி, இன்னும் ஆழம், இன்னும் பெரிய மோட்டார். எந்தக் கிணற்றில் எந்த மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று தேதிவாரியாக எழுதிய நோட்டுகள் கடையில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.

தீவு நண்பர் போனில் ஒருமுறை தன் வீட்டு மோட்டார் எரிந்துவிட்டதாகவும், கொச்சிக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும் என்றும் சொல்லியிருந்தார். கால் எச்.பி. சின்ன மோட்டார். கல்யாணப் பரிசாக ஒரு மோட்டாரே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். கால் எச்.பி.யைக் கையில் எடுத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மோட்டார் கடைக்காரன் ஒருவன், கடல் கடந்து போய், பொம்மை மாதிரி ஒன்றையா கொடுப்பது? ஒரு எச்.பி. மோட்டாரைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். மனைவி அவள் பங்குக்கு ஒரு பட்டுப் புடவையும், வெள்ளிமலைச் சாமை ஐந்து கிலோவும் எடுத்துக்கொண்டாள்.

தீவை முதலில் பார்த்தபோது அது தீவாகத் தெரியவில்லை. கடலின் விளிம்பில் யாரோ பச்சை மையால் ஒரு கோடு இழுத்தது போல இருந்தது. நெருங்க நெருங்கக் கோடு தென்னைகளாகப் பிரிந்தது. கப்பல் கரைக்குப் போகாது. பவளப் பாறை தீவைச் சுற்றி வரப்பு மாதிரி ஓடுகிறது. கப்பல் வரப்புக்கு வெளியே நின்றுவிடும், நாம் படகுக்கு மாறி உள்ளே போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவில் நின்று, அலை படகை மேலே தூக்குகிற அந்த ஒரு நொடியில் கால் வைக்க வேண்டும். கீழே நின்ற படகுக்காரர்கள் இரண்டு பேர் என் மனைவியைக் கைகளைப் பிடித்து ஒரு பூக்கூடையை வாங்குவது போல வாங்கி உட்கார வைத்தார்கள். அடுத்து மோட்டார்ப் பெட்டியை வாங்கினார்கள். அப்போது மட்டும் இருவருக்கும் முகம் கோணியது.

வரப்பைத் தாண்டியதும் கடலின் நிறம் மாறியது. வெளியே இருந்தது கறுப்புக்குப் பக்கமான நீலம். உள்ளே இருந்ததற்கு என்னிடம் சொல் இல்லை. பச்சை என்று எழுதினேன், அடித்தேன். நீலம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில், "அடி தெரிகிறது. படகின் நிழல் மணலில் நம்மோடு வருகிறது," என்று மட்டும் எழுதினேன். ஒரு ஆமை எங்கள் நிழலைக் கடந்து போனது.

தீவின் அகலத்தை அன்று மாலை நடந்து அளந்தேன். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடிகள், என் காலடிக் கணக்கில். அதிலே வீடுகள், பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடம், தென்னை, முருங்கை எல்லாம். உயரமான இடம் என்று நண்பர் காட்டிய மேடு என் தோள் உயரம் இருந்தது. நாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தெருவில் மணல். வாசலில் சூரை மீனை வேகவைத்துப் புகையில் வாட்டிக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே வந்த ஒவ்வொருவரும் ஸலாம் சொல்லி, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டார்கள். பதில் அவர்களுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் நம் வாயால் கேட்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

நண்பரின் வீட்டுக் கொல்லையில் கிணறு. வெள்ளைப் பவளக் கல்லை அறுத்துக் கட்டியது. மொத்த ஆழமே பதினோரு அடி, அதில் தண்ணீர் மூன்றரை அடி. எட்டிப் பார்த்தால் அடியில் ஊசி கிடந்தாலும் தெரியும், அவ்வளவு தெளிவு. தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் பேனா அளவு மீட்டர் ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். முக்கிப் பார்த்தேன். நானூற்றுப் பத்து. எங்கள் தெரு போர்த் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டும். சுற்றிலும் கடல், கூப்பிடு தூரத்தில் அலைச் சத்தம், நடுவில் இப்படி ஒரு தண்ணீர். அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க அந்தக் கிணற்றைப் பற்றியே எழுதினேன். நண்பர் வீட்டோடு பக்கத்து வீடுகள் இரண்டும் அந்தக் கிணற்றில்தான் குடிநீர் எடுத்தன. நான்கு நாளில் வரவிருந்த கல்யாணச் சமையலுக்கும் அதுதான்.

மறுநாள் காலை நண்பர் பந்தல் சாமான் இறக்கத் துறைக்குப் போனார். "வந்து சேந்து மாட்டுவோம் பாய்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நானே மோட்டாரைப் பொருத்தினேன்.

எங்கள் பக்கத்தில் புது மோட்டார் போட்டால் அதை ஓட்டிப் பார்ப்பது என்று ஒரு முறை உண்டு. கிணற்றின் அடி தெரியும் வரை இறைத்துவிட வேண்டும். பிறகு டேப்பை இறக்கி, எத்தனை மணி நேரத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் மோட்டாரை ஒப்படைத்தால் அது வேலையே இல்லை. 9.40க்கு ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் குழாயிலிருந்து கம்பியாகப் பாய்ந்தது. தென்னைகளுக்குத் திருப்பிவிட்டேன்.

பத்து மணிக்கு டேப்பை இறக்கினேன். நான்கு விரல் இறங்கியிருந்தது. பத்தரைக்கும் நான்கு விரல். பதினொன்றுக்கும் அதே நான்கு விரல். எங்கள் ஊரில் இந்த ஆழத்துக் கிணறு இந்த மோட்டாருக்கு இருபது நிமிடம் தாங்காது. நான் பார்த்த ஆயிரக்கணக்கான கிணறுகளில் இப்படி ஊறுகிற கிணறு இல்லை. நாட்குறிப்பில், "வற்றாத கிணறு. அல்லாஹ்வின் கொடை," என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

நண்பரின் மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "மதி," என்றார். போதும் என்பது புரிந்தது. மின்கட்டணத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம்தான்," என்று கையால் காட்டிச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, "மதி, மதி," என்றார். விருந்தாளியின் கையைப் பிடித்து நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கார ஆண் வந்து சொல்லட்டும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. 12.50க்குத்தான் நிறுத்தினேன்.

மதியம் மூன்று மணி டீயை மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க, டீ உப்பு கரிக்குது."

நான் கிணற்றுக்கு ஓடி மீட்டரை முக்கினேன். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. பேனாவைத் துடைத்து மறுபடி முக்கினேன். அதே எண்.

நண்பர் வந்தார். மோட்டாரைப் பார்த்தார், தென்னையடியில் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார், ஒரு வாளி இறைத்து உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எத்தன மணிநேரம் ஓடிச்சு பாய்?"

"மூணு மணி பத்து நிமிஷம்."

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல தண்ணி ஆழத்துல இல்ல. மேலதான் இருக்கு. அடியில பூராவும் கடல். பால்ல ஆடை நிக்கும்லா, அதுமாதிரி மழைத்தண்ணி கடல்மேல நிக்கி. மெதுவா வழிச்சு எடுக்கணும். கரண்டிய உள்ள விட்டுக் கலக்கப்புடாது."

"நான் கலக்கிட்டேன்."

"கலக்கிட்டீய," என்றார். அதை மறுக்கவில்லை.

நான்கு விரல் ஏன் இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நான் இறைத்த இடத்தை அடியிலிருந்து கடல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அடிக்கோடு போட்டு நான் மெச்சியது அதைத்தான்.

"எப்ப சரியாவும்?"

"மழை பெஞ்சா சீக்கிரம். இல்லாட்டி அதுவா சேரணும். பத்து நாளோ, ஒரு மாசமோ." கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். "என்கிட்ட கேட்டு என்ன செய்ய? இது என் வீடு இல்ல பாய். எங்க வழக்கத்துல வீடும் கிணறும் பொம்பளைக்கு. இது என் வீட்டுக்காரி வீடு. நாளைக்கு என் மகளுக்கு. மாப்பிள்ளைதான் இங்க வருவாரு, இவ எங்கயும் போவ மாட்டா. நானே முப்பது வருசமா இங்க விருந்தாளி."

ஆக, மதி என்று இரண்டு முறை சொன்னது கிணற்றின் சொந்தக்காரி. நான் அவர் பேச்சைக் கேட்காமல், அங்கே விருந்தாளியான ஒருவரின் வருகைக்குக் காத்திருந்தேன். சமையல்கட்டு வாசலுக்குப் போய் நின்று, தமிழிலேயே சொன்னேன், என் தப்பு என்று. அவர் ஏதோ பதில் சொன்னார். மகள் உள்ளேயிருந்து வந்து மொழிபெயர்த்தாள். அவள் கொச்சியில் வேதியியல் படித்தவள். தமிழ் அப்பாவிடம் கற்றது.

"உம்மா சொல்லுது, தென்னைக்கு நல்லாக் கிடைச்சுச்சாம்." பிறகு அவளே சேர்த்துக்கொண்டாள்: "மாமா, கொஞ்சம் கூட ஓட்டியிருந்தா மீனும் வந்திருக்கும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "சாமை உப்புமா கிண்டலாம். உப்பு தனியா போடவே வேணாம்," என்றாள். மூன்று பெண்களும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சேர்ந்து சிரித்தார்கள். நான் மோட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது கொல்லையில் ஒரு பெண் குடத்தோடு நின்றாள். பின்கட்டில் இருந்த பெரிய டிரம்மில் ஊற்றிவிட்டுப் போனாள். அடுத்து ஒரு முதியவர் சைக்கிளில் இரண்டு கேன்களோடு வந்தார். அடுத்து ஒரு பெண்ணும் அவள் மாமியாரும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கிணறு உப்பாகிவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து ஒரு குடத்துக்கு மேல் வாங்குவதில்லை என்று மகள் சொன்னாள். அதிகம் எடுத்தால் அவர்கள் கிணறும் கலங்கும். அதனால்தான் இத்தனை வீடு. அன்று காலை முப்பத்தொரு வீட்டுத் தண்ணீர் அந்த டிரம்மில் இருந்தது. கல்யாணம் வரை தினமும் காலையில் அப்படியே வந்தது. மீட்டரை முக்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, கிழக்கே நான்கு வீடு தள்ளி ஒரு கிணற்றுக்குப் போனேன். கயிற்றில் வாளியைக் கட்டி இறைக்கச் சொன்னார்கள். நான் வாளியைத் தொப்பென்று போட்டேன். அந்த வீட்டு அம்மா என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, வாளியை நீரின்மேல் மெல்லச் சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் அள்ளிக் காட்டினார். தண்ணீரில் ஒரு வளையம்கூடப் பெரிதாக எழவில்லை. இருபத்தேழு ஆண்டு தொழிலில் இவ்வளவு நயமாகத் தண்ணீர் எடுப்பதை நான் பார்த்ததில்லை. என்னால் ஏழாவது வாளியில்தான் அதைச் செய்ய முடிந்தது.

கல்யாணத்தன்று இருநூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். சோறு, கறி, சூரை மீன், பாயசம் எல்லாம் முப்பத்தொரு வீட்டுத் தண்ணீரில் வெந்தது. சாமையையும் என் மனைவி பாயசமாகவே காய்ச்சினாள். மணமகளின் தாய் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மாலையில் மாப்பிள்ளை தன் ஆட்களோடு பெண் வீட்டுக்கு வந்தார். கை கழுவ அவருக்கு ஊற்றியதும் வேறு வீட்டுத் தண்ணீர். கொல்லைக் கிணற்றில் அன்றைய அளவு ஆயிரத்து எண்ணூற்று இருபது. அதன்மேல் யாரும் கை வைக்கவில்லை. மூடிபோட்டு, குழந்தையைத் தூங்கவிட்டது போல விட்டிருந்தார்கள்.

அடுத்த கப்பலில் புறப்பட்டோம். அதற்கு முன் மீட்டரை மகளிடம் கொடுத்து, காலையில் தண்ணீர் அசையாதபோது மேலாக முக்க வேண்டும், முன்பும் பின்பும் துடைக்க வேண்டும் என்று சொன்னேன். "தெரியும் மாமா, நான் கெமிஸ்ட்ரி," என்றாள். மோட்டார்ப் பெட்டியும் எங்களோடு திரும்பியது. படகில் அதே இரண்டு பேர். பெட்டியைப் பார்த்ததும் ஒருவர் நண்பரிடம் ஏதோ கேட்டார், நண்பர் சிரித்தார். "இது ஊர் சுத்திப் பாக்க வந்துச்சான்னு கேக்கான்," என்றார்.

அந்த மோட்டார் இப்போது ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கரும்பு வயலில் ஓடுகிறது. கால் எச்.பி. ஒன்றைக் கொச்சி வழியாக அனுப்பிவைத்தேன். அது போய்ச் சேர்ந்ததும், கிணறு தேறும் வரை கட்டிலுக்கு அடியில் இருக்கும் என்று நண்பர் சொன்னார்.

மகளிடமிருந்து தினமும் காலையில் ஒரு எண் வாட்ஸ்அப்பில் வரும். வேறு எதுவும் இருக்காது. ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. ஆயிரத்து நானூறு. ஒரு நாள் ஏறியது, அடுத்த நாள் இறங்கியது. கடல் ஏறி இறங்கும்போது கிணறும் ஏறி இறங்குகிறது என்று நண்பர் விளக்கினார். கடையைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணை நோட்டில் எழுதிவிடுவேன். ரிஷிவந்தியம், சங்கராபுரம், வெள்ளிமலை என்று கிணறுகள் வரிசையாக உள்ள அந்த நோட்டில் கடைசிப் பத்தி தீவுக்கு. மற்ற பத்திகளில் ஆழம் இருக்கும். இதில் மட்டும் உப்பு.

இரண்டு நாள் எண் வரவில்லை. மனைவி, "புதுப்பொண்ணுக்கு வேற வேல இருக்காதா?" என்றாள். எனக்குக் கடையில் கை ஓடவில்லை. மூன்றாம் நாள் வந்தது. தீவில் நல்ல மழையாம், நெட்வொர்க் போய்விட்டதாம். எண் எழுநூற்று முப்பது.

நாங்கள் திரும்பிய இருபத்தாறாம் நாள், திங்கட்கிழமை, காலை 7.20க்கு வந்த செய்தியில் எண்ணோடு சில வரிகளும் இருந்தன. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்: "நானூற்று முப்பது. இன்னைக்கு நம்ம கிணத்துத் தண்ணியில சாயா போட்டேன். முதல் கிளாஸ் உம்மாவுக்கு. குடிச்சு முடிச்சாங்க மாமா. மதின்னு சொல்லல. இன்னொரு கிளாஸ் கேட்டாங்க."